கடவுள் செயலா? கனவான்கள் செயலா?

அமெரிக்கா தேசத்தில் பென்சில்வேனியா மாகாணத்தைச் சேர்ந்த ஜான்ஸ்டவுன் பட்டணத்தை 1889-ம் வருஷம் மே மாதம் 31-ந் தேதி, அணை உடைந்து வந்த வெள்ளம் அழித்தது. நூறு வருஷம் கழித்து 1989-ல் சார்லஸ் குகன்ஹைம் என்பவர் அதைப்பற்றி ஒரு சரித்திரப் படம் எடுத்தார். அதற்கு ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. அந்த வெள்ளத்தில் செத்தவர்கள் 2,209 பேர். ஒருவர்கூட மிஞ்சாமல் பூண்டற்றுப்போன குடும்பங்கள் மட்டும் 99. ஆகவே படம் பார்க்கிறவர்கள் கண்ணீர் விடுவதில் நமக்கு ஆக்ஷேபணை இல்லை. ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டவுடனே "எல்லாம் அவன் செயல்" என்று சொல்லி எழுந்து போகிறவர்களைப் பற்றியே இதை எழுதுகின்றோம்.

எவன் செயல் என்பதைக் கொஞ்சம் விசாரித்துப் பார்ப்போம்.

பட்டணத்திற்கு மேலே 14 மைலில் சவுத் போர்க் என்ற இடத்தில் இருந்தது அந்த அணை. கால்வாய்ப் போக்குவரத்துக்காக மாகாண சர்க்கார் மண்ணால் கட்டியது. உயரம் 72 அடி. தண்ணீரை வேண்டும்போது திறந்துவிட அடியில் 5 இரும்புக் குழாய்கள் வைத்திருந்தார்கள். ரயில் வந்த பிறகு கால்வாய்க்கு வேலையில்லாமல் போய், அணை கைமாறிற்று. இடையில் வாங்கிய ஒருவர் அந்தக் குழாய்களைப் பிடுங்கிப் பழைய இரும்பு விலைக்கு விற்றுவிட்டார். பிறகு 1879-ல் பிட்ஸ்பர்க் பணக்காரர்கள் அதை வாங்கி, மீன் பிடிக்கவும் வேட்டையாடவும் ஒரு சங்கம் ஸ்தாபித்துக் கொண்டார்கள். கார்னகி, பிரிக், மெலன் முதலிய கோடீஸ்வரர்கள் அதில் அங்கத்தினர்கள்.

இந்தக் கனவான்கள் செய்த ரிப்பேர் என்ன தெரியுமா? உடைந்த இடத்தில் மண்ணோடு வைக்கோலையும் குதிரைச் சாணத்தையும் போட்டு அடைத்தார்கள். விற்றுப்போன குழாய்களுக்குப் பதில் வேறு குழாய் வைக்கவில்லை. அணைமேல் வண்டி போக வழி அகலமாக வேண்டுமென்று அதன் தலையைச் சுமார் 3 அடி வெட்டிக் குறைத்தார்கள். காசு கொடுத்து வாங்கிவிட்ட மீன் ஓடிப்போகாதிருக்க, உபரித் தண்ணீர் வழியும் வாய்க்காலில் கம்பி வலையும் போட்டார்கள். மீனுக்கு எவ்வளவு ஜாக்கிரதை பாருங்கள்!

யாரும் எச்சரிக்கவில்லையா என்றால், அதுவும் நடந்தது. கீழே இருந்த கேம்பிரியா இரும்புக் கம்பெனியின் இஞ்சினீயர் 1880-ல் நேரில் வந்து பார்த்து, குழாய் இல்லை, ரிப்பேர் சரியில்லை, கசிவு இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். செலவில் பங்கு தருகிறோம் என்றுகூட அக்கம்பெனியின் தலைவர் சொன்னார். சங்கத்தார் கேட்கவில்லை, உங்களுக்கு ஆபத்து ஒன்றுமில்லை என்று பதில் போட்டுவிட்டார்கள்.

9 வருஷம் கழித்துப் பெருமழை வந்தது. கம்பி வலையில் குப்பை அடைத்துக்கொண்டது. தண்ணீர் அணையின் தலைமேல் புரண்டது. மாலை 3 மணி சுமாருக்கு அணை போயிற்று. ஒரு மணி நேரத்தில் பட்டணம் போயிற்று. தந்தியில் எச்சரிக்கை வராமலில்லை. ஆனால் வருஷா வருஷம் அதே பேச்சைக் கேட்டுப் பழகிய ஜனங்கள் அதை லட்சியம் செய்யவில்லை.

வெள்ளத்தை எதிர்த்துப் பிராங்கிளின் தெருவில் ஒரு கல் கோவில் நின்றதாம். பக்தர்களுக்கு இது போதும்! ஆனால் செயிண்ட் ஜான் கத்தோலிக்கக் கோவில் எரிந்து சாம்பலாயிற்றே, அதன் கணக்கு எங்கே? ரயில்வேயின் கல் பாலமும்தான் அசையாமல் நின்றது. அந்தப் பாலத்தில் வந்து குவிந்த வீடுகளும் மரங்களும் தீப்பிடித்ததில், வெள்ளத்துக்குத் தப்பியவர்களும் வெந்து செத்தார்கள். கோவிலைக் கும்பிடுகிறவர்கள் பாலத்தையும் கும்பிடுவார்களா என்று கேட்கின்றோம்.

பிறகு வழக்கு நடந்தது. இது கடவுள் செயல், எங்கள் கட்சிக்காரர் மீது குற்றமில்லை என்று சங்கத்து வக்கீல்கள் வாதித்தார்கள். சங்கத்தாரிடமிருந்து ஒரு டாலர்கூட நஷ்டஈடு வசூலாகவில்லை. கார்னகி அந்த ஊருக்குப் புதிதாக ஒரு நூல்நிலையம் கட்டிக் கொடுத்தார். தர்மப் பிரபு என்று பெயரும் எடுத்தார். அதை வெட்டாவிட்டாலும் அணை உடைந்துதான் இருக்கும் என்று இஞ்சினீயர் சபையொன்று 1891-ல் அறிக்கை விட்டது. அது தப்பு, தலையை வெட்டியதால்தான் தண்ணீர் வழியும் சக்தி குறைந்தது என்று 2016-ல் ஆராய்ச்சிக்காரர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கடவுளைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்க 127 வருஷம் பிடித்தது!

இது எங்கேயோ அமெரிக்காவில் என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டில் 1989-ல் செய்த ரயில்வே சட்டத்தின் 93-வது பிரிவிலும் கடவுள் உட்கார்ந்திருக்கிறார். அவர் செயலால் சரக்கு கெட்டால் ரயில்வேக்குப் பொறுப்பில்லையாம். ஆனால் தக்க கவனம் எடுத்துக்கொண்டதை ரயில்வேயே ருசுப்படுத்த வேண்டும் என்று அதிலேயே ஒரு நிபந்தனையும் உண்டு. மூட்டை முடிச்சுக்கு இருக்கிற அந்த நிபந்தனை, ஜான்ஸ்டவுனில் செத்த 2,209 பேருக்கு இல்லாமல் போயிற்று.