கடல் இல்லாத தீவில் ஒரு புறா

புறா என்றதும் கோயில் கோபுரம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். சுருளிப்பட்டிக்கு மேலே, மேகமலைச் சோலைகளில் வேறொரு புறா உண்டு. அதுதான் நீலகிரி காட்டுப்புறா. சாம்பல் நிற உடல். பிடரியில் சதுரங்கக் கட்டம் போல் கறுப்பு வெள்ளை. மேற்குத் தொடர்ச்சி மலையையும் தென்னிந்தியாவின் சில குன்றுகளையும் விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது.

இதன் முக்கிய உணவு காட்டுப் பழங்கள். பெரும்பாலும் ஒரே முட்டைதான் இடும். தேயிலையும் ஏலமும் சூழ்ந்துவிட்டதால் சோலைகள் பலவும் துண்டு துண்டாகி, தீவுகளாகிவிட்டன. அழியவாய்ப்புள்ள இனம் என்று உலகப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள்.

தீவுப் புறாக்களின் கதை தெரிந்ததுதான். மொரீசியஸில் டோடோ 17-ஆம் நூற்றாண்டிலேயே ஒழிந்தது. அதுவும் புறா இனமே! அதே தீவின் இளஞ்சிவப்புப் புறா 1990 வாக்கில் காட்டில் பத்து அளவுக்குக் குறைந்தது. கூண்டில் வளர்த்து விட்டார்கள். எலி, பூனைகளைக் கட்டுப்படுத்தினார்கள். இன்று நானூறுக்கும் மேல்.

மேகமலை 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது நல்ல செய்தி. ஆனால் காப்பகத்தின் எல்லை புறாவுக்குத் தெரியுமா? பழம் தேடி அது எஸ்டேட்டுக்கும் பறக்கும். அங்கே நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் அதற்குப் பழம் தராது.

எஸ்டேட்காரர்கள் நிழலுக்குக் காட்டுப் பழமரங்களை விட்டுவைத்தால் போதும். தீவுகளுக்கு நடுவே பாலம் கிடைத்துவிடும். டோடோவுக்குக் கிடைக்காத வாய்ப்பு இதற்கு இன்னும் இருக்கிறது.