பெயர் எதுவானாலும் செடி ஒன்றுதான்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பினாங்கிலிருந்து ஹட்யாய்க்குப் புறப்படும் கார்களுக்குக் குறைவில்லை. 2022 ஜூன் 9 அன்று தாய்லாந்து கஞ்சாச் செடியைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. அதன் பிறகு எண்ணெய், மிட்டாய், தைலம் என்று பல வடிவங்களில் அது கடைக்கு வந்தது. 2025 ஜூனில் கஞ்சாப் பூவை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று அந்நாட்டு அரசு கட்டுப்படுத்தியது. ஆனாலும், "இது வெறும் சிபிடிதான், போதை ஏறாது, கொண்டுவந்தால் ஒன்றும் ஆகாது" என்ற பேச்சு நம் இளைஞர்களிடையே ஓயவில்லை. அது எவ்வளவு தூரம் உண்மை?

முதலில் பெயர்களைப் பார்ப்போம். சிபிடி நிறைந்த ரகங்களில் பேர்போனது 'சார்லட்ஸ் வெப்'. அமெரிக்காவின் கொலராடோவில் ஸ்டான்லி சகோதரர்கள் வளர்த்தது. போதை தராததால் அதற்கு முதலில் இருந்த பெயர் 'ஹிப்பிகளின் ஏமாற்றம்'! டிராவே சிண்ட்ரோம் என்ற கடுமையான வலிப்பு நோயால் தவித்த சார்லட் ஃபிகி என்ற சிறுமிக்கு அந்த எண்ணெய் உதவியதாகப் பெற்றோர் சொல்ல, அவள் பெயரே செடிக்கு வந்தது. இந்திய வம்சாவளி மருத்துவர் சஞ்சய் குப்தா 2013இல் சிஎன்என் தொலைக்காட்சியில் அவள் கதையைச் சொன்ன பிறகு உலகமே சிபிடி பக்கம் திரும்பியது.

'கன்னாடோனிக்' ஸ்பெயினில் உருவான ரகம். அதிலிருந்து தேர்ந்தெடுத்துப் பெருக்கிய ஒரு செடிதான் 'ஏசிடிசி'. 'ஹார்லெக்வின்' என்ற ரகத்தில் சிபிடி அதிகம்தான்; ஆனால் போதை தரும் டிஎச்சியும் அதில் கணிசமாக உண்டு. ஆக, 'சிபிடி நிறைந்தது' என்றால் 'டிஎச்சி இல்லாதது' என்று பொருளாகாது.

காரணம் மரபணுவில் இருக்கிறது. சிபிடி, டிஎச்சி இரண்டுமே சிபிஜி அமிலம் என்ற ஒரே மூலப்பொருளிலிருந்து பிறப்பவை. ஒரே மாவு ஒருவர் கையில் இட்லியாகவும் இன்னொருவர் கையில் தோசையாகவும் ஆவதுபோல, ஒரு நொதி அதைச் சிபிடி பக்கமும் இன்னொரு நொதி டிஎச்சி பக்கமும் திருப்புகிறது. எந்த நொதி வேலை செய்யும் என்பதைத் தாய்ச்செடியும் தந்தைச்செடியும் கொடுத்த மரபணுக்களே முடிவு செய்கின்றன. இரண்டு வகை மரபணுவும் வாய்த்த செடியில் சிபிடியும் டிஎச்சியும் கலந்தே இருக்கும். அப்படிப்பட்ட இரண்டு செடிகளைக் கலந்தால், நான்கு பிள்ளைச் செடிகளில் ஏறக்குறைய ஒன்று சிபிடி வகை, ஒன்று டிஎச்சி வகை, மீதி இரண்டும் கலப்பு.

இன்னொன்றும் உண்டு. சிபிடியை ஆக்கும் நொதியே கொஞ்சம் டிஎச்சியையும் ஆக்கிவிடுகிறது. ஏறத்தாழ இருபதுக்கு ஒன்று. பூவில் 10 விழுக்காடு சிபிடி இருந்தால் அரை விழுக்காடு டிஎச்சி தானாகவே சேர்ந்திருக்கும். எந்த நல்ல பெயர் வைத்தாலும் இதைத் தவிர்க்க முடியாது.

நம் பாலிக் புலாவ் டுரியானை நினைத்துப் பாருங்கள். முசாங் கிங் பழத்தின் கொட்டையை நட்டால் முசாங் கிங் வராது; ஒட்டுக்கட்டித்தான் ரகத்தைக் காப்பாற்ற வேண்டும். ஆனால் டுரியானுக்கு விவசாய இலாகாவின் பதிவு உண்டு. டி197 என்றால் முசாங் கிங், டி175 என்றால் உடாங் மேரா. கஞ்சா ரகங்களுக்கு அப்படி உலகமெல்லாம் ஏற்ற பதிவேடு கிடையாது. அமெரிக்காவில் 2019இல் வெளியான ஓர் ஆய்வு, 30 ரகங்களின் பெயரில் விற்கப்பட்ட 122 மாதிரிகளைச் சோதித்தது. ஒரே பெயரில் விற்கப்பட்ட செடிகளில் பல மரபணுவில் ஒத்துப்போகவில்லை. எண்ணெய்ப் புட்டிகளின் கதையும் அதுவே. 2017இல் இணையத்தில் விற்ற 84 சிபிடி பொருட்களைச் சோதித்தபோது 26இல் மட்டுமே லேபிளில் போட்ட அளவு சரியாக இருந்தது. 18இல் டிஎச்சி இருந்தது.

இப்போது நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். 1952ஆம் ஆண்டு அபாயகரமான போதைப்பொருள் சட்டம் கஞ்சாவுக்குத் தரும் விளக்கத்தில், பிசின் எவ்வளவு இருந்தாலும், செடி எந்தப் பெயரால் அழைக்கப்பட்டாலும் அது கஞ்சாதான். சட்டம் எழுதியவர்கள் பெயர் விளையாட்டை அப்போதே அடைத்துவிட்டார்கள். 200 கிராம் அல்லது அதற்கு மேல் வைத்திருந்தால் கடத்தல்காரர் என்றே சட்டம் அனுமானிக்கும். 2023 ஜூலை 4 முதல் மரண தண்டனை கட்டாயமில்லை என்றாலும், 39பி பிரிவின்கீழ் மரண தண்டனையோ ஆயுள் சிறையோ காத்திருக்கிறது. தூக்கிலிருந்து தப்பினாலும் 12க்குக் குறையாத பிரம்படி உண்டு. அதற்கும் குறைந்த அளவு என்றாலும் சிறைக்குப் போக நேரலாம், வேலை போகலாம், குடும்பம் நீதிமன்ற வாசலில் நிற்கலாம்.

அப்படியானால் மருந்து தேவைப்படுவோர்? 2018 ஜூனில் அமெரிக்கா ஒப்புதல் தந்த எபிடியோலெக்ஸ், செடியிலிருந்து பிரித்துச் சுத்திகரித்த சிபிடி. டிராவே நோயுள்ள 120 பேரிடம் நடந்த சோதனையில், மருந்து எடுத்தவர்களுக்கு மாதம் 12 தடவை வந்த வலிப்பு 6ஆகக் குறைந்தது. தூக்கக் கலக்கம், கல்லீரல் பாதிப்பு போன்ற பக்கவிளைவுகளும் தெரியவந்தன. அதனால்தான் அது மருத்துவர் கையில் இருக்க வேண்டிய மருந்து. நம் நாட்டிலும், பதிவும் உரிமமும் பெற்று, மருத்துவர் வழியாக வரும் கஞ்சா சார்ந்த மருந்துக்குச் சட்டத்தில் இடமுண்டு என்று 2021இல் அப்போதைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார்.

வலிப்புள்ள பிள்ளையை வைத்துக்கொண்டு தவிக்கும் பெற்றோரே, கேட்க வேண்டிய இடம் நரம்பியல் மருத்துவர். ஹட்யாய்க் கடைக்காரர் அல்ல. விடுமுறைக்குப் போகும் இளைஞர்களே, மிட்டாய் வாங்குவதென்றால் லேபிளை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். அதில் கஞ்சா இலைப் படமோ சிபிடி என்ற மூன்றெழுத்தோ இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். புக்கிட் காயு ஹீத்தாம் சோதனைச் சாவடியில் ரகத்தின் பெயரைச் சொல்லித் தப்பிக்க முடியாது.