எல்விஸுக்குக் கொடுக்காத பாட்டு

1970களின் நடுவில், உங்கள் பாட்டை நான் பாடுகிறேன் என்று எல்விஸ் பிரெஸ்லி சொல்லி அனுப்பினால், அமெரிக்காவில் எந்தப் பாடலாசிரியரும் கையெழுத்து எங்கே போட வேண்டும் என்றுதான் கேட்டிருப்பார். டாலி பார்ட்டன் முடியாது என்றார். எல்விஸுக்கு அந்தப் பாட்டு ரொம்பப் பிடித்திருந்தது. ரெக்கார்டிங்குக்கு ஏற்பாடும் ஆகிவிட்டது. கடைசி நேரத்தில் அவருடைய மேனேஜர் கர்னல் டாம் பார்க்கர் போனில் வந்தார். எல்விஸ் பாடுகிற பாட்டென்றால் பதிப்புரிமையில் பாதி எங்கள் பக்கம் வந்துவிட வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம் என்றார். டாலிக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. அன்றிரவு முழுக்க அழுததாக அவரே பிற்பாடு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அழுதாரே தவிர, எழுதிக் கொடுக்கவில்லை.

அந்தப் பாட்டு 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'. 1992இல் வந்த 'தி பாடிகார்ட்' படத்தில் விட்னி ஹூஸ்டன் பாடியது என்றுதான் உலகம் அதை அறியும். நான் சென்னையில் மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசித்துக் குடும்பம் நடத்தியவன். ஹோட்டல் ரிசப்ஷனில் இங்கிலீஷ் பாட்டு ஒன்று வேண்டும் என்று துண்டுச் சீட்டு வந்தால், பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். மாப்பிள்ளையும் பெண்ணும் கைகோத்து நிற்பார்கள், வீடியோக்காரர் லைட்டைத் திருப்புவார். பாட்டோ உறவை முடித்துக்கொண்டு கிளம்புகிறவள் பாடுவது. இதை நான் எந்தக் கல்யாண வீட்டிலும் சொன்னதில்லை. நமக்கெதற்கு.

அதுவும் காதலனைப் பிரிந்து பாடியதல்ல. டாலி பிரிந்தது தன்னை வளர்த்துவிட்டவரை. டென்னசி மலைப்பக்கத்தில் பன்னிரண்டு பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்தவர் டாலி. 1967இல் போர்ட்டர் வேகனர் என்ற கன்ட்ரி பாடகர் தன் டெலிவிஷன் நிகழ்ச்சியில் அவரைச் சேர்த்துக்கொண்டார். ஐந்து வருடம் என்பது பேச்சு, ஏழு வருடம் ஓடியது. தனியாகப் போகிறேன் என்று டாலி சொன்னதெல்லாம் போர்ட்டர் காதில் ஏறவில்லை. தினம் வாக்குவாதம். வாதாடிப் பயனில்லை என்று டாலி வீட்டுக்குப் போய் ஒரு பாட்டு எழுதினார். மறுநாள் போர்ட்டரின் அறையில் உட்கார்ந்து அதைப் பாடிக் காட்டினார். அவர் கண்ணீர் விட்டார். நீ போகலாம், ஆனால் இந்த ரெக்கார்டை நான்தான் தயாரிப்பேன் என்றார். 1973 ஜூனில் நாஷ்வில்லில் பதிவானது, 1974இல் கன்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. அழுத அதே போர்ட்டர், 1979இல் முப்பது லட்சம் டாலர் கேட்டு டாலி மேல் வழக்குப் போட்டார் என்பது தனிக்கதை. வழக்கு கோர்ட்டுக்கு வெளியே முடிந்தது. 2007இல் போர்ட்டரின் கடைசி நாட்களில் டாலி போய்ப் பக்கத்தில் இருந்தார்.

அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, ஒருமுறை ரெக்கார்டாக வெளிவந்த பாட்டை யார் வேண்டுமானாலும் திரும்பப் பாடிப் பதிவு செய்யலாம். பிரதிக்கு இரண்டு சென்ட் கட்டினால் போதும். பார்க்கருக்கு டாலியின் அனுமதியே தேவைப்பட்டிருக்காது. அவர் கேட்டது அனுமதி அல்ல, சொத்தில் பங்கு. அந்தப் பங்கு கிடைக்காவிட்டால் எல்விஸ் பாடப்போவதில்லை, அவ்வளவுதான். பெரிய நட்சத்திரத்தின் நிழலில் நிற்பதற்கு வாடகை மாதிரி அது வசூலிக்கப்பட்டது, பலர் கொடுத்தும் வந்தார்கள்.

1975இல் லிண்டா ரான்ஸ்டாட் இதைப் பாடினார். 1982இல் டாலியே ஒரு படத்துக்காக மறுபடி பாடினார், மறுபடி கன்ட்ரி பட்டியலில் முதலிடம். அதோடு பாட்டு ஓய்ந்திருக்க வேண்டியது. 'தி பாடிகார்ட்' படத்துக்கு முதலில் முடிவு செய்திருந்தது வேறொரு பழைய பாட்டு. அது இன்னொரு படத்தில் வந்துவிட்டது தெரிந்து, கதாநாயகன் கெவின் காஸ்ட்னர் இந்தப் பாட்டைச் சொன்னார். இசைத் தயாரிப்பாளர் டேவிட் ஃபாஸ்டர் ரான்ஸ்டாட் பாடிய வடிவத்தை வைத்து வேலையைத் தொடங்கினார். பிறகு டாலியிடம் பேசும்போதுதான், ரான்ஸ்டாட் வடிவத்தில் கடைசிச் சரணம் இல்லை என்பது தெரிந்தது. விட்டுப்போகிறவள் இருப்பவனை மனசார வாழ்த்துகிற சரணம் அது. டாலி சொல்ல, அது சேர்ந்தது.

வாசிக்கிறவனாக இதை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். விட்னியின் பாட்டு ஆறு கட்டையில் போகிறது. நடுவில் கர்க் வேலமின் சாக்ஸபோன் வரும். (நல்ல வாசிப்புதான், ஆனால் எனக்கு அந்த இடம் எப்போதும் கொஞ்சம் எண்ணெய் வழிகிற மாதிரி இருக்கும்.) அதற்கப்புறம் இந்தக் கடைசிச் சரணத்தை அவர் குரலைத் தாழ்த்திப் பாடுவார். முடிந்ததும் எல்லா வாத்தியமும் நின்றுவிடும். டிரம்ஸில் ஒரே அடி. விட்னி ஏழு கட்டையில் எழுந்து வருவார். மேடையில் அந்த நிசப்தத்துக்குள் எனக்கு ஒரு வேலை உண்டு. இடது கையால் ட்ரான்ஸ்போஸ் பட்டனை இரண்டு தடவை அழுத்தி, சின்னத் திரையில் ப்ளஸ் டூ விழுந்ததா என்று பார்க்க வேண்டும். பாடுகிற பெண் மூச்சை இழுத்துக்கொண்டிருப்பாள். டிரம்மர் பையன் பொறுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு அடித்தானானால் மூன்று பேரும் மூன்று சுருதியில் நிற்போம். தாழ்த்திப் பாடுகிற அந்தச் சரணம் இல்லாமல் நேரே ஏழு கட்டைக்குப் போனால் அது வெறும் கத்தல். ஏறுவதற்குப் படி போட்டுக் கொடுத்தவர் டாலி.

தொடக்கம் காஸ்ட்னர் புண்ணியம். வாத்தியமே இல்லாமல் வெறுங்குரலில் ஆரம்பிக்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். ஃபாஸ்டருக்கு இஷ்டமில்லை, ரேடியோவில் எடுபடாது என்று நினைத்தார். முக்கால் நிமிடத்துக்குப் பக்கத்துணை எதுவுமில்லாமல் ஒரு பெண்குரல். அதைத் தாங்கிப்பிடிக்க விட்னி மாதிரி ஒருவர் வேண்டும் என்பது மறுக்க முடியாதது. என் காதுக்கு டாலியின் மெல்லிய, நடுங்குகிற முதல் பதிவுதான் உண்மையான பிரிவு. விட்னி பாடியது வெற்றி. ஆனாலும் அந்த முதல் முக்கால் நிமிடத்தில் நான் வாதத்தில் தோற்றுவிடுவேன்.

பில்போர்டு பட்டியலில் தொடர்ந்து 14 வாரம் முதலிடம், அதுவரை யாரும் அத்தனை வாரம் இருந்ததில்லை. படத்துக்காக எழுதிய பாட்டல்ல என்பதால் ஆஸ்கர் பட்டியலில் இதற்கு இடமில்லை. அதே படத்தின் வேறு இரண்டு பாடல்கள்தான் போட்டிக்குப் போயின. டாலி கார் ஓட்டிக்கொண்டிருந்தபோது ரேடியோவில் முதன்முதலாக இதைக் கேட்டு, வண்டியை ஓரங்கட்ட வேண்டியதாயிற்றாம். வந்த ராயல்டியில் ஒரு பகுதியை வைத்து, நாஷ்வில்லில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியில் ஒரு வணிக வளாகம் வாங்கினார். அது விட்னி கட்டிக் கொடுத்தது என்று 2021இல் ஒரு பேட்டியில் சொன்னார். 2012 பிப்ரவரியில் விட்னி இறந்து, நியூவர்க் தேவாலயத்திலிருந்து சவப்பெட்டியைத் தூக்கிவந்தபோது ஒலித்ததும் இந்தப் பாட்டுதான். அந்த வாரங்களில் அது மறுபடி பட்டியலில் ஏறியது. அந்தப் பணத்திலும் எழுதியவருக்குப் பங்கு உண்டு.

விட்னிக்கு? அமெரிக்காவில் சாதாரண ரேடியோ நிலையங்கள் பாட்டு எழுதியவருக்குப் பணம் கட்டுகின்றன, பாடியவருக்குக் கட்டுவதில்லை. ரேடியோவில் விட்னி குரல் ஒலித்த ஒவ்வொரு முறையும் டாலி கணக்கில் ஏறியது, விட்னி கணக்கில் ஏறவில்லை. இது அநியாயம். அதைச் சரிசெய்ய 2021இல் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள், ரேடியோ நிறுவனங்களின் சங்கம் முட்டுக்கட்டை போடுகிறது. பாடியவருக்கு ரேடியோக்காரர் கொடுக்க மாட்டேன் என்பதற்கு, எழுதியவர் ஏன் வாங்குகிறார் என்று கேட்பது தலைகீழ் நியாயம்.

தலைகீழ் நியாயம் நமக்கும் பழக்கம்தான். 2017இல் எஸ்.பி.பி.யின் அமெரிக்கக் கச்சேரிகளை ஒட்டி இளையராஜா வக்கீல் நோட்டீஸ் அனுப்பியபோது, டீக்கடையிலிருந்து ஆர்க்கெஸ்ட்ரா ரிகர்சல் வரை நான் கேட்டதெல்லாம் ஒரே பேச்சு: இத்தனை சம்பாதித்த பிறகும் என்ன ஆசை, பாட்டு மக்கள் சொத்து. கேட்டவர் அதை எப்படிக் கேட்டார், யாரிடம் கேட்டார் என்பதில் எனக்கும் மனத்தாங்கல் உண்டு. ஆனால் கேட்டதே தப்பு என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பாட்டாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் உள்ள பங்கை யாரும் எழுதி வாங்கிவிட முடியாது என்று 2012இல் நம் நாட்டுச் சட்டமே திருத்தப்பட்டிருக்கிறது. தியேட்டரில் படத்தோடு ஓடும்போது மட்டும்தான் விலக்கு. அதற்கு முன் மொத்தத் தொகை ஒன்றை வாங்கிக்கொண்டு சகலத்தையும் எழுதிக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்! டாலியால் மறுக்க முடிந்தது, கையில் ஏற்கெனவே ஒரு ஹிட் இருந்தது. முதல் படத்துக்கு மெட்டுப் போடுகிற பையனால் தயாரிப்பாளரிடம் மறுக்க முடியாது. அவனுக்காகத்தான் சட்டம்.

என் தொழிலுக்கு அதே சட்டத்தில் இன்னொரு சலுகை இருக்கிறது. கல்யாணத்திலும் அதை ஒட்டிய விசேஷங்களிலும் பாடுவதற்கு யாருக்கும் எதுவும் கட்ட வேண்டாம். மண்டபத்தில் நடக்கிற ஏழைபாழைக் கல்யாணத்துக்கு அது இருக்கட்டும். ஐந்து நட்சத்திர ஹோட்டலில், இலைக்கு இவ்வளவு என்று எண்ணிக் காசு வாங்குகிற ரிசப்ஷனுக்கு எதற்கு? அங்கே வாசித்து நானும் சம்பளம் வாங்கியவன்தான், குழுக்காரர்கள் இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும். பூ அலங்காரம், ஜெனரேட்டர், வாலே பார்க்கிங் என்று நீள்கிற அந்தப் பில்லில் பாட்டுக்கும் ஒரு வரி ஏற வேண்டும் என்பதுதான் என் கட்சி.