ஒரே தொழிற்சாலை என்பது தரச்சான்று ஆகாது

அமெரிக்காவில் வேட்டைக்குப் போகிறவர்களிடமும் பறவை பார்க்கிறவர்களிடமும் ஒரு வாதம் ஆண்டுக்கணக்காக உலவுகிறது. "கபேலாஸ் மாதிரிக் கடைகள் தங்கள் பெயரில் விற்கும் பைனாகுலரும் ரைஃபிள் ஸ்கோப்பும் பெரிய கம்பெனிகளின் சரக்கு வரும் அதே தொழிற்சாலையிலிருந்துதான் வருகின்றன. பெயருக்கு எதற்குக் காசு?" கேட்ட மாத்திரத்தில் ரகசியம் தெரிந்துவிட்ட திருப்தி வருகிறது. அதனாலேயே இதை யாரும் உரசிப் பார்ப்பதில்லை.

இதற்கு எப்போதும் காட்டப்படும் சான்று, கபேலாஸின் 'யூரோ' வரிசை. செக் நாட்டின் மியோப்டா நிறுவனம் அதைச் செய்து கொடுத்தது உண்மை. ஆனால் அது அந்தக் கடையின் உயர்ந்த விலைச் சரக்கு. நல்ல வேலைக்கு நல்ல விலை என்பதைத்தான் அது நிரூபிக்கிறது. அதைக் காட்டி நூறு டாலர் பைனாகுலரை வாங்கச் சொல்வது மோசடி.

இனி, வாதத்தின் அடித்தளத்துக்கு வருவோம். ஒரே நெசவாளர் நாற்பதாம் நம்பர் நூலிலும் நெய்வார், நூறாம் நம்பரிலும் நெய்வார். இரண்டு வேட்டியும் ஒன்றாகிவிடுமா? தொழிற்சாலை, ஆர்டர் கொடுத்தவர் கேட்டதைச் செய்கிறது. ஒவ்வொரு டாலர் குறையும்போதும் உள்ளே ஏதோ ஒன்று குறைகிறது. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். அப்படிப் பத்துப் பரப்புகளைக் கடந்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி போய்விடும். எல்லாப் பரப்புகளுக்கும் பல அடுக்குப் பூச்சு கொடுத்தால் இந்த இழப்பு மிகச் சிறிதாகிவிடும். ஒன்றிரண்டு பரப்புகளுக்கு மட்டும் பூசிவிட்டு 'மல்டி கோட்டட்' என்று அச்சடிக்கவும் வழி இருக்கிறது.

ரூஃப் பிரிசம் வைத்த பைனாகுலரில் சிக்கல் இன்னும் கூடுகிறது. பிரிசத்தின் கூரைபோன்ற இரு முகங்களில் ஒளி இரண்டாகப் பிரிந்து, மீண்டும் சேரும்போது ஒளியலைகளின் கட்டம் (ஃபேஸ்) பிசகி, படத்தின் கூர்மையைக் குலைக்கிறது. இதைச் சரிசெய்யும் ஃபேஸ் பூச்சை 1988இல் ஸைஸ் நிறுவனம் கொண்டுவந்தது. பரவலாக உள்ள ஷ்மிட்-பெகான் பிரிசத்தில் ஒரு முகம் தானாக ஒளியை முழுதும் திருப்பாது. அதற்கு ஒளியைத் திருப்பும் பூச்சு வேண்டும். அலுமினியம் பூசினால் மலிவு, ஒளி இழப்பு அதிகம். டைஎலெக்ட்ரிக் பூச்சு 99 சதவீதத்துக்கு மேல் திருப்பும், விலை கூடும். எதைப் பூசுவது என்பதை ஆர்டர் தாள் தீர்மானிக்கிறது. தொழிற்சாலையின் முகவரி தீர்மானிப்பதில்லை.

"இரண்டும் 10×42தானே" என்கிறார்கள். அந்த எண்கள் உருப்பெருக்கத்தையும் முன்வில்லையின் அகலத்தையும் சொல்கின்றன. அதற்குமேல் எதையும் சொல்வதில்லை.

ஸ்கோப்பில் குறை இன்னும் ஆபத்தானது. குமிழைப் பத்துக் கிளிக் திருப்பி, திரும்பப் பத்துக் கிளிக் கொண்டுவந்தால் குறி பழைய இடத்துக்கே வர வேண்டும். நூற்றுக்கணக்கான குண்டுகளின் உதைப்புக்குப் பிறகும் அப்படியே வர வேண்டும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் திருகும் மட்டமாக இருந்தால் வராது. குறி தவறினால் விலங்கு காயத்தோடு ஓடி, காட்டுக்குள் துடித்துச் சாகும். இந்த இடத்தில் சிக்கனம் பேசுவதை என்னால் பொறுக்க முடியாது.

"கடை வாரண்டி தருகிறதே" என்பது கடைசி வாதம். வாக்குக் கொடுத்தது கடை. கருவியைப் பிரித்துச் சரிசெய்யத் தெரிந்தது தொழிற்சாலை. அந்தக் கடையே கைமாறலாம். 2017இல் கபேலாஸை பாஸ் புரோ ஷாப்ஸ் நிறுவனம் வாங்கியது.

வாங்கப் போகிறவர் தொழிற்சாலை எது என்று விசாரிப்பதை விட்டுவிடட்டும். எல்லாப் பரப்புக்கும் பூச்சு உண்டா, பிரிசத்துக்கு என்ன பூச்சு என்று கேட்கட்டும். பிறகு அந்தி மங்கும் நேரத்தில் கண்ணில் வைத்துப் பார்க்கட்டும். பதில் சொல்ல முடியாத கடையின் சரக்கு பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.