‘பரவாயில்லை’ என்னும் சொல் வேண்டா

வடகரப்பதிப் பகுதியினர்க்கு வேலந்தாவளம் எல்லையைக் கடந்தால் கோவை விமான நிலையம் எட்டும் தொலைவிலேயே உள்ளது. வெளியூரில் பணிபுரியும் மக்களைக் காண முதியோர் பலர் இவ்வழியே விமானம் ஏறுகின்றனர். நடக்க இயலாதவர்க்குச் சக்கர நாற்காலி வேண்டுமே என்றால், “அங்கே போய்க் கேட்டுக்கொள்ளலாம்” என்கின்றனர் பிள்ளைகள். “பரவாயில்லை, மெல்ல நடந்துவிடுகிறேன்” என்கின்றனர் பெரியவர்கள். இவ்விரு சொற்களையும் நாம் கைவிட வேண்டும் என்பதே நம் கருத்து.

2024 பிப்ரவரி 12 அன்று நியூயார்க்கிலிருந்து மும்பை வந்திறங்கிய 80 வயது முதியவரை எண்ணிப் பார்ப்போம். தமக்கும் மனைவிக்கும் முன்னரே சக்கர நாற்காலி பதிவு செய்திருந்தார். கிடைத்ததோ ஒன்றுதான். மற்றொன்று வரும்வரை காத்திருக்குமாறு கூறப்பட்டது. அவரோ நாற்காலியில் சென்ற மனைவியுடன் நடக்கத் தொடங்கினார். குடிவரவுப் பகுதியில் மயங்கி விழுந்து உயிர் நீத்தார். போதிய நாற்காலிகள் வைத்திருப்பது நிறுவனத்தின் கடமை என்பதால் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஏர் இந்தியாவுக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. இருவரையும் பிரிக்காமல் அழைத்துச் செல்ல ஏற்பாடு இருந்திருந்தால், அவர் நடக்க நேர்ந்திராது.

இவ்வுதவி எவரும் இரங்கி அளிக்கும் சலுகையன்று. மூளை முடக்குவாதமுடைய ஜீஜா கோஷ் 2012இல் கொல்கத்தாவில் விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். அவ்வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம், அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு விமான நிறுவனத்திற்கு ஆணையிட்டது. மாற்றுத்திறனாளிகளின் கண்ணியம் காக்கப்பட வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

உரிமையைப் பெற நம் பங்கும் உண்டு. பயணச்சீட்டு வாங்கும்போதே, தவறினால் 48 மணி நேரத்திற்கு முன்பேனும், தேவையைத் தெரிவிக்க வேண்டும். நெடுந்தொலைவு நடக்க இயலாதவரா, படியேற இயலாதவரா, இருக்கைவரை தூக்கிச் செல்லப்பட வேண்டியவரா என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சொந்த மின்கல நாற்காலி கொண்டுசெல்வோர் மின்கலத்தின் வகையையும் குறிப்பிட வேண்டும். வங்கியில் பணம் செலுத்தினால் முத்திரையிட்ட அடிக்கட்டையைக் கேட்டு வாங்குகிறோம் அல்லவா? அதுபோல, ஒவ்வொருவர் பெயரிலும் நாற்காலி பதிவானதை எழுத்தில் பெற்றுக்கொள்வது நலம்.

வரிசையில் நிற்பதைத் தவிர்க்கவே நாற்காலி கேட்போரும் உள்ளனர். அவர்கள் அமரும் ஒவ்வொரு நாற்காலியும் நடக்க இயலாத ஒருவரைக் காத்திருக்க வைக்கக்கூடும். தேவையுள்ளோர் தயங்காது கேட்கட்டும், தேவையற்றோர் விட்டுக்கொடுக்கட்டும். நம் வீட்டுப் பெரியவர் “பரவாயில்லை” என்று எழுந்தால், அன்புடன் கைபற்றி மீண்டும் அமர வைப்போம். நாற்காலி வரும்வரை உடன் காத்திருப்போம்.