200 ரூபாய்க்கு யார் பதில் சொல்வது?

பெற்றோரைக் கவனிக்காத அரசு ஊழியரின் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்து, அந்தப் பெற்றோரின் கணக்கிலேயே போடுவதற்குச் சட்டம் கொண்டுவரப்போவதாக 2025 அக்டோபரில் தெலங்கானா முதல்வர் ரேவந்த் ரெட்டி அறிவித்தார். நாலாபக்கமும் பாராட்டு. அசாம் 2017லேயே இப்படியொரு சட்டத்தை நிறைவேற்றிவிட்டது. எனக்கோ இந்தப் பாராட்டைக் கேட்கக் கேட்கக் கோபம்தான் வருகிறது.

2007ஐ நினைத்துப்பாருங்கள். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது அந்த ஆண்டில்தான். பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை வாங்கித் தரலாம், முதியவரைக் கைவிட்டால் 3 மாதம் வரை சிறை என்றது அது. அதே 2007இல், இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் மத்திய அரசு தன் பங்காக வைத்த தொகை மாதம் 200 ரூபாய். 80 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இன்றும் அதே 200தான். 80ஐத் தாண்டினால் 500. 200 என்பது ஒரு நாளைக்கு 7 ரூபாய்கூட வராது. இரண்டு நாள் பணத்தைச் சேர்த்து வைத்தால் டீக்கடையில் ஒரு டீ குடிக்கலாம். தமிழ்நாடு 2023இல் தன் முதியோர் உதவித்தொகையை 1,200 ஆக உயர்த்தியது. எல்லா மாநிலத்து முதியவர்களுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை.

2019இல் பராமரிப்புச் சட்டத்துக்கு ஒரு திருத்த மசோதா வந்தது. 10,000 என்ற உச்சவரம்பை நீக்குவது, மருமகள், மருமகனையும் பொறுப்பாளியாக்குவது, சிறைத் தண்டனையை 6 மாதம் வரை நீட்டுவது என்று அடுக்கினார்கள். 2024இல் மக்களவையோடு அதுவும் காலாவதியானது. 200 மட்டும் அசையவே இல்லை.

பராமரிப்பு மனுக்களை விசாரிக்கும் கோட்டாட்சியர் அலுவலக வராந்தாவில் ஒரு அம்மாவைப் பார்த்தேன். மஞ்சப்பையில் செட்டில்மென்ட் பத்திரத்தின் நகல். "வீட்டை எழுதி வாங்கினவன் பெரியவன் சார், போனே எடுக்க மாட்டான். சின்னவன்தான் சோறு போடறான். ஆட்டோ ஓட்டறான், ரெண்டு பொண்ணு இருக்கு. அவன் பேரையும் மனுவுல சேத்துட்டாங்க" என்றார். பெரியவனிடம் எனக்கு இரக்கமே கிடையாது. எழுதிக்கொடுத்த வீட்டைத் திரும்பப் பெற 2007 சட்டத்தின் 23ஆவது பிரிவு இருக்கிறது. பராமரிக்க வேண்டும் என்று பத்திரத்தில் தனியாக எழுதாவிட்டாலும், பாசத்தால் கொடுத்ததிலேயே அந்த நிபந்தனை அடங்கும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025இல் சொன்னது. இந்தச் சட்டத்தில் உருப்படியான பகுதி அதுதான். ஆனால் சின்னவனிடம் எதைப் பிடுங்குவீர்கள்?

பண்பாடு கெட்டுவிட்டது, பிள்ளைகள் சுயநலமாகிவிட்டார்கள் என்பவர்களோடு வாதாட நேரமில்லை. பாசத்தைச் சட்டத்தால் வரவழைக்க முடியும் என்று நம்புகிறவர்கள் அவர்கள். 200ஐ உயர்த்த நிதி எங்கே என்று கேட்பவர்கள், கார்ப்பரேட் வரியைக் குறைத்தபோது அதைக் கேட்கவில்லை.

சொத்தும் பென்ஷனும் இல்லாத முதியவருக்குப் பிள்ளையின் தயவுதான் கதி என்று ஆக்கி வைத்திருப்பது அரசு. தன் கைக்காசோடு வீட்டில் இருக்கும் தாயை எந்த மருமகளும் பாரமாக நினைக்க மாட்டாள். மத்திய அரசு தன் பங்கை 3,000 ஆக்கி, விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுதோறும் உயர்த்தட்டும். கோட்டாட்சியர் அலுவலகங்களில் குவியும் மனுக்கள் பாதியாகக் குறையும். அதுவரை பிள்ளைகளின் சம்பளத்தில் கைவைக்க எந்த அரசுக்கும் தகுதியில்லை. அடுத்து வாக்குக் கேட்டு வருகிறவரிடம் இந்த 200 ரூபாயைப் பற்றிக் கேளுங்கள்.