கண்ணுக்கு நல்லதுன்னு ஓஎல்இடி டிவி வாங்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க (த்ரெட்)

1/ விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து நோயாளிகள் இப்போ அடிக்கடி கேக்குறது: "டாக்டர், எல்சிடி டிவி கண்ணைக் கெடுக்குமாமே, ஓஎல்இடி வாங்கிடவா?"
கெடுக்காது. டிவி வெளிச்சம் கண்ணைப் பாழாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இமைக்காம பார்த்தா எந்த டிவியிலும் கண் எரியும்.

2/ வித்தியாசம் படத்தில்தான். எல்சிடியில பின்னாடி விளக்கு எரியும். ஓஎல்இடியில ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். அதனால கறுப்பு சுத்தக் கறுப்பா தெரியும். ஆனா அந்த அழகு இருட்டு ரூம்லதான். நம்ம ஹால்ல டியூப்லைட் எரியுதே!

3/ நாள் முழுக்க நியூஸ் சேனல் ஓடுற வீடா? அசையாம நிக்கிற லோகோ ஓஎல்இடியில தடமாப் பதியவும் வாய்ப்பு உண்டு.

4/ காசு இருந்து, சினிமா ஆசையில வாங்கினா தாராளமா வாங்குங்க. "கண்ணுக்கு நல்லது"ன்னு நம்பி தவணையில மாட்டாதீங்க.

5/ இப்போ நான் கேக்குறேன். சர்க்கரை நோய் இருக்கிற அப்பாவோட விழித்திரையைக் கடைசியா எப்போ பரிசோதிச்சீங்க? வருஷம் ஒரு தடவை பார்க்கணும். ஆரம்பத்துல வலிக்காது, பார்வையும் மங்காது. தெரியும்போது லேட் ஆகியிருக்கும்.

6/ திண்டிவனத்துல இருந்து விழுப்புரம் வர்ற வழியிலேயே முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. டிவி கடைக்குப் போற வழியில அப்பாவை அங்க கூட்டிட்டுப் போங்க.